கங்கைத் துறையில் குதித்த கடா

1. பாதையில்

"கியா, மாத்தயா, கியா!"

லொறிச் சாரதி சோமபால இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சிங்களத்தில் கத்தினார். போயிட்டுது, ஐயா, போயிட்டுது என்கிறார். போனது அரசாங்கத்துக்குச் சொந்தமான முரா இன எருமைக்கடா. போன இடம் மகாவலி கங்கை. அந்தக் கடாவைத் தோப்பூரில் கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் கால்நடைப் போதனாசிரியராக எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டிலிருந்து வரும் பால்மாவைக் குறைத்து, ஊர்ப் பாலைக் கூட்ட வேண்டும் என்று அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. நாலைந்து எருமை வைத்திருக்கிற குடும்பங்களுக்கு நல்ல இனக் கடா கொடுப்பது, கன்றுகள் பெருகினதும் பால் பெருகும், அந்தப் பாலைக் காலையில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும், குடும்பம் நிலத்தை விட்டுக் கூலிக்குப் போகத் தேவையில்லை. கேட்க அழகான திட்டம். அதில் மூதூர்ப் பக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட முதல் கடாவைத்தான் நான் கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

அந்த நாளில் திருகோணமலையிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போவதென்றால் ஒவ்வொரு ஆற்றுவாயிலும் இறங்கி ஏற வேண்டும். பாலம் கிடையாது, பாதைதான். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவையை. கரைக்குக் கரை கட்டியிருக்கும் வடத்தைப் பாதைக்காரர்கள் கையால் இழுத்து இழுத்து அதைக் கொண்டு போவார்கள். கிண்ணியாவைத் தாண்டினோம். உப்பாற்றைத் தாண்டினோம். கங்கைத் துறையில் பாதை நடு ஆற்றுக்கு வந்தபோது, காலையிலிருந்து வெயிலில் வெந்துபோயிருந்த கடாவுக்குத் தண்ணீர் மணம் பிடித்துவிட்டது. ஒருமுறை உறுமியது. பின்புறத்தால் ஒரு தள்ளு. லொறியின் பின்பலகை விறகு போல முறிந்து விழுந்தது. அடுத்த கணம் ஆற்றில் ஒரு வீடு விழுந்தது போலச் சத்தம்.

நான் திருகோணமலைக் கரையோரத்துச் சல்லி என்ற ஊர்ப் பொடியன். எங்கள் வீட்டில் எல்லோரும் கடற்றொழில். எருமையைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பயிற்சிப் பாடசாலையில் படித்தது. ஆனால் நீந்தத் தெரியும். தண்ணீரில் ஒரு கயிறு இழுபட்டுப் போவது தெரிந்தது. அரசாங்கம் கயிற்றோடு போகிறதே என்ற ஒரே நினைப்பில், காலில் கிடந்த புதுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குதித்தேன்.

பின்னால் பாதைக்காரர் எல்லோரும் சேர்ந்து ஏதோ கத்தினார்கள். என்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் கத்தியது "முதலை! முதலை!" என்பது அடுத்த நாள்தான் எனக்குத் தெரியவந்தது.

2. நீந்தி வந்த அரசாங்கம்

கயிற்றைப் பிடித்துவிட்டேன். ஆனால் யார் யாரைப் பிடித்தது என்று சொல்ல ஏலாது. கடா தலையையும் முறுக்குப் போலச் சுருண்ட கொம்பையும் வெளியே நீட்டிக்கொண்டு, ஓட்டத்தோடு சுகமாக நீந்தியது. நான் பின்னால் இழுபட்டுப் போனேன். பாதை சின்னதாகி மறைந்தது. கண்டல் மரங்கள் இரு பக்கமும் வந்தன. கடைசியில் ஒரு சேற்றுக் கரையில் கடா கால் வைத்து ஏறியது. அங்கே ஏழெட்டு எருமைகள் சேற்றில் படுத்துக்கிடந்தன. என் கடா போய் அவற்றின் நடுவில், சொந்த வீட்டுக்கு வந்த மாதிரிப் படுத்தது.

நான் முழங்கால் மட்டும் சேற்றில் நின்றேன். கரையில் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், பால் சட்டி கழுவிக்கொண்டிருந்தவர், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். என்னைப் பார்த்தார். கடாவைப் பார்த்தார். அதன் காதில் தொங்கிய தகட்டையும் பார்த்தார்.

"ஆர் தம்பி நீங்க?"

"நான் கவுண்மேந்து உத்தியோகத்தர். கால்நடை."

"இது?"

"இதுவும் கவுண்மேந்துதான்."

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை நிறுத்த ஏலாமல் வீட்டுப் பக்கம் திரும்பிச் சத்தம் வைத்தார்: "புள்ளையள், ஓடி வாங்க! எத்தின வருஷமா வரச் சொல்லிக் கேட்டம்! கவுண்மேந்து நம்மட வளவுக்கு நீந்தி வந்திரிக்கி!"

அவர்தான் ராபியா ராத்தா; அக்காவை ராத்தா, அண்ணனைக் காக்கா என்பது அந்தப் பக்கத்து முஸ்லிம் வழக்கம். அந்த இடத்தின் பெயர் புளியடிமுனை. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த சின்னக் குடியிருப்பு. றோட்டு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் எருமை இருந்தது. எனக்கு உடுக்கக் காய்ந்த சாறன் ஒன்று கொடுத்தார்கள். ஒரு சட்டி தயிரும் சீனியும் வைத்தார்கள். அப்படியொரு தயிரை நான் அதற்கு முன்பு சாப்பிட்டதில்லை. சட்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழாது.

"இவ்வளவு பாலையும் என்ன செய்யிறீங்கள் ராத்தா?" என்று கேட்டேன்.

"வள்ளத்தில ஒரு யாவாரி வருவார். அவர் வந்தாத் தயிர் போகும். வராட்டி நாங்க குடிச்சி, கண்டுக்குட்டி குடிச்சி, மிச்சம் ஆத்துல. தோப்பூர்ப் பால் சங்கத்துக்கு எழுதிக் கேட்டம் தம்பி. லொறி வாற றோட்டு இல்லாத இடத்தில பால் எடுக்க ஏலாதெண்டு சொல்லிட்டாங்க." அவர் முகத்தில் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. "புள்ளையள்ட வாப்பா திருகோணமலத் துறைமுகத்தில மூட்ட தூக்கிறார். மாசத்துக்கு ஒருக்கா வருவார். இஞ்ச பாதி வீட்டில ஆம்பிளயள் அப்பிடித்தான்."

கடாவை எழுப்பப் போனேன். கயிற்றை இழுத்தேன். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"இண்டைக்கு விடுங்க தம்பி," என்றார் ராத்தா. "களைச்சி வந்த விருந்தாளி."

3. மாப்பிள்ளை இல்லாத பந்தல்

தோப்பூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பின்னேரமாகிவிட்டது. இன்னும் சாறனோடுதான் இருந்தேன். பால் சங்கத்தின் முன்னால் தென்னோலைப் பந்தல் போட்டு, வர்ணக் கடதாசி தொங்கவிட்டிருந்தார்கள். பகுதி இறைவரி அதிகாரி டீ.ஆர்.ஓ. ஐயா வந்து, பேசி, கேக் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாட்டுப் பாடி முடித்திருந்தார்கள். கடாவுக்கென்று கட்டிய புதுக் கொட்டில், சீமெந்துத் தரையோடு, வெறுமையாக நின்றது.

சங்கத் தலைவர் உதுமாலெவ்வை பெரிய உடம்பு, பெரிய குரல். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எங்க மாப்பிள்ள?"

நடந்ததைச் சொன்னேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. நான் முடித்ததும் தலைவர் மேசையில் கிடந்த பெரிய பூமாலையைத் தூக்கிப் பார்த்தார். கடாவின் கழுத்துக்கு அளவெடுத்துக் கட்டின மாலை.

"வாடப் போகுது," என்று சொல்லி அதை என் கழுத்தில் போட்டார். "மாப்பிள்ள வராட்டி மாப்பிள்ளத் தோழனாவது வந்தாரே."

மாலை என் முழங்காலைத் தொட்டது. பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. ஆனால் போகும்போது தலைவர் என் தோளைப் பிடித்து மெல்லிய குரலில் சொன்னார்: "தம்பி, சிரிச்சாலும் சொல்லுறன். இந்தக் கடாவ நம்பித்தான் எங்கட ஆக்கள் கொட்டில் கட்டினவங்க. நாளைக்கு அது இஞ்ச நிக்கோணும்."

4. மூன்று முறை

அடுத்த நாள் தோப்பூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு கயிறு போட்டு, முன்னால் இழுத்து, பின்னால் தள்ளி, கடாவை ஆற்றைக் கடக்கவைத்துக் கால்நடையாகத் தோப்பூர் கொண்டுபோனோம். சீமெந்துத் தரையில் கட்டினோம். தவிடும் பிண்ணாக்கும் வைத்தோம். விடியப் பார்த்தால் கயிறு மட்டும் கிடந்தது. கடா புளியடிமுனைச் சேற்றில் படுத்திருந்தது.

இரண்டாம் முறை சங்கிலி போட்டோம். கடா கட்டைத் தூணோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தூண் கழுத்தில் தொங்க அது ஆற்றை நீந்திக் கடந்ததைப் பாதைக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். மூன்றாம் முறை பாதி வழியில், இறால்குழியில், அது றோட்டின் நடுவில் படுத்துக்கொண்டது. மூதூர் பஸ் வந்து நின்றது. சனங்கள் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் காதில் ஓதிப் பார்த்தார். ஒருவர் வாலை முறுக்கிப் பார்த்து, வயலுக்குள் போய் விழுந்தார். பஸ் கொண்டக்டர் அதற்கு டிக்கட் கிழித்துக் காட்டினார். கடா எழும்பியது. எழும்பி, வந்த வழியே திரும்பி நடந்தது.

இப்போது சிரிப்புக் குறைந்து கோபம் வந்தது. தோப்பூரில், புளியடிமுனைப் பெண்கள் கடாவுக்கு ஏதோ செய்துவிட்டார்கள் என்று கதை பரவியது. தலைவர் உதுமாலெவ்வை தன் ஆட்களோடு வள்ளத்தில் வந்து இறங்கினார். நானும் கூட நின்றேன்.

"எங்கட பந்தலுக்கு வந்த மாப்பிள்ளய நீங்க மறிச்சி வெச்சிரிக்கிறீங்க," என்றார் தலைவர்.

ராபியா ராத்தா பின்வாங்கவில்லை. "நான் என்ன, தாயத்தா கட்டினன்? கயிறு இரிக்கா பாருங்க. வேலி இரிக்கா பாருங்க. கூட்டிட்டுப் போங்க."

"கூட்டிட்டுப் போனா வருகுதில்ல!"

"அது என்ட குத்தமா?" அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலைவரின் நேரே வந்து நின்றார். "ஒண்டு கேக்கிறன் காக்கா. எங்கட பால எடுக்க வாங்கண்டு கேட்டம். றோட்டு இல்ல, வர ஏலாதெண்டீங்க. கடாவ எடுக்க மட்டும் மூண்டு தரம் வந்திட்டீங்க. அப்ப எந்த றோட்டால வந்தனீங்க?"

தலைவர் தான் வந்து இறங்கிய வள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குத்தான், ஆனால் எனக்கும் சுட்டது. திட்டம் என்று நான் வாயால் சொல்லிக்கொண்டு திரிந்தது இந்தப் பெண்ணுக்காகத்தானே எழுதப்பட்டது? அதே திட்டம்தான் அவருக்குக் கிடைக்காமல் நிற்கிறது.

5. டொக்டரின் ஒரு கேள்வி

எங்கள் மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான மனிதர். யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். நான் திருகோணமலைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"தூணோடையே போனது?"

"ஓம் சேர்."

"அப்ப நான் அந்தக் கடாவைப் பாக்கவேணும், ஐசே."

அவர் வந்தார். களிசானை முழங்கால் வரை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கிக் கடாவைச் சுற்றிப் பார்த்தார். தலைவரும் தோப்பூர் ஆட்களும் ஒரு பக்கம், ராபியா ராத்தாவும் அயல் பெண்களும் மறுபக்கம் நின்றார்கள். டொக்டர் தலைவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"வயல் விதைச்சாப் பிறகு உங்கடை எருமையளை எங்கை விடுறனீங்கள்?"

தலைவர் பதில் சொல்லத் தொடங்கி, நடுவில் நின்றுவிட்டார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெரிய குரலில் சிரித்தார்.

"அட அல்லாஹ்! இஞ்சதான் டொக்டர்! இந்த ஆத்துப் புல்லிலதான் விடுறம்! எங்கட எருமைப் பட்டி முழுக்க அரைவாசி வருஷம் இஞ்சதான் நிக்கும்!"

"அப்ப மாப்பிள்ளை பிழையான இடத்துக்குப் போகேல்லை," என்றார் டொக்டர். "நாங்கள்தான் பந்தலைப் பிழையான இடத்திலை போட்டிட்டம்."

அங்கேயே, சேற்றில் நின்றபடியே, பேச்சு நடந்தது. கடா புளியடிமுனையில் நிற்கும். தோப்பூர்ப் பட்டிக்கும் அது பொது. பதிலுக்குப் புளியடிமுனைக் குடும்பங்கள் தோப்பூர்ச் சங்கத்தில் அங்கத்தவர் ஆகும். சங்கத்துக்கு ஆள் கூடும், பால் கூடும் என்பதால் தலைவருக்கும் அது கசக்கவில்லை. சம்பந்தம் பேசி முடித்தவர் போல ராத்தாவிடம் தயிர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மிச்சம் இருந்தது பால். லொறி வராது.

"சேர்," என்றேன், "லொறி வராட்டிப் பால் லொறியிட்டைப் போகலாம். வள்ளத்தில. தோப்பூர்ப் பால் லொறி ஒவ்வொரு காலமையும் கங்கைப் பாதையாலதான் கடக்குது. அதில வைச்சு ஏத்தலாம்."

டொக்டர் என்னைப் பார்த்தார். "சல்லியிலை வள்ளம் இருக்கோ?"

"மாமாட்டை ஒண்டு சும்மா கிடக்கு சேர்."

"ஒரு மாதம் செய்து பாப்பம். பால் திரைஞ்சுதெண்டா விட்டிடவேணும்."

6. முதல் நாள் பால்

பால் திரையாமல் போக வேண்டும். அதுதான் எல்லாம். விடியும்போதே கறந்து, தகரக் கானில் ஊற்றி, கானைச் சுற்றி ஈரச் சாக்குப் போட்டுக் கட்டினோம். ராபியா ராத்தாவின் கணவர் ஹனிபா அந்தக் கிழமை துறைமுகத்திலிருந்து வந்திருந்தார். மாமாவின் வள்ளத்தில் அவரும் நானும் சவள் போட்டு வலித்தோம். ஆனால் அன்றைக்கு ஆற்றில் ஓட்டம் பலமாக இருந்தது. நாங்கள் எதிர்த்து ஏற வேண்டும். வேர்த்துக் கொட்டியது. வளைவைத் தாண்டினபோது தூரத்தில் பாதை தெரிந்தது. பால் லொறி ஏற்கனவே அதில் ஏறி நின்றது.

"போச்சு," என்றார் ஹனிபா. அவர் குரலில் ஒரு மாதம் முழுக்க மூட்டை தூக்கின களைப்பு இருந்தது.

"சவளைப் போடுங்க காக்கா!" என்று நான் கத்தினேன்.

பாதை நகர்ந்தது. நடு ஆற்றுக்கு வந்தது. பிறகு நின்றுவிட்டது. பார்த்தால், பாதைக்காரர்கள் எல்லோரும் வடத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார்கள். லொறிச் சாரதி ஹோர்ன் அடித்தார். இறங்கி வந்து ஏசினார். மூத்த பாதைக்காரர் மட்டும் புகையை விட்டுக்கொண்டு சொன்னது தண்ணீருக்கு மேலால் எங்களுக்குக் கேட்டது:

"கை வலிக்குது தம்பி. அந்தா, அந்த வள்ளம் வந்து சேரக்குள்ள சுகமாயிடும்."

நாங்கள் நடு ஆற்றில் பாதையோடு வள்ளத்தை அணைத்தோம். கானை மேலே தூக்கிக் கொடுத்தோம். லொறிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். ஒரு சின்னத் தகரப் பேணியில் எடுத்து, சோதனைக்கென்று லொறியில் வைத்திருந்த ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார். எல்லோரும் அந்தப் பேணியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் பொங்கியது. திரையவில்லை. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது என்ன பாலப்பா," என்றார், "களி மாதிரி இரிக்கி! நாளைக்கும் இத மாதிரிக் கொண்டுவாங்க."

பாதைக்காரர்களின் கைவலி அந்த நிமிடமே மாறிவிட்டது. வடத்தை இழுத்துக்கொண்டு அவர்கள் போட்ட சத்தம் இரண்டு கரைக்கும் கேட்டிருக்கும். ஹனிபா வள்ளத்தில் உட்கார்ந்தபடி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அடுத்த கிழமை அவர் துறைமுகத்துக்குப் போகவில்லை.

7. கற்றுக்கொண்டது

அடுத்த வருடம் புளியடிமுனையிலும் தோப்பூர்ப் பட்டியிலும் கன்றுகள் பிறந்து விழத் தொடங்கின. நல்ல தார்க் கறுப்பு. அவை வளர வளரக் கொம்பு சுருளத் தொடங்குகிறதா என்று ஆட்கள் தடவித் தடவிப் பார்ப்பார்கள். டொக்டர் வேறு ஆற்றோரக் குடியிருப்புகளுக்கும் பால் வள்ளம் ஒழுங்கு செய்யச் சொன்னார். அதற்குப் பிறகு வந்த திட்டங்களில் நான் நிறைய வேலை செய்தேன். விதை கொடுத்தோம், கோழிக்குஞ்சு கொடுத்தோம், நடுவதற்குப் புல்லுக் கட்டை கொடுத்தோம். சில நன்றாகப் போயின, சில போகவில்லை.

இந்த வேலைக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். திட்டம் றோட்டு உள்ள இடத்தில் இருந்து எழுதப்படுகிறது. அதில் குற்றமில்லை, எழுதுகிறவர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் நீங்கள் றோட்டு முடிகிற இடத்தில் இறங்கி, அதற்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவர்களை றோட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். திட்டத்தைக் கூட்டிக்கொண்டு நீங்கள் போங்கள். நனைந்தாலும் பரவாயில்லை.

எனக்கு இடமாற்றம் வந்து, சொல்லிவிட்டுப் போகப் புளியடிமுனைக்குப் போனேன். ஹனிபா பால் வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். ராபியா ராத்தா இரண்டு தட்டில் தயிர் வைத்தார்.

"சொல்லுங்க ராத்தா, எங்கட திட்டத்தில ஏதும் குறை இருக்கோ? எழுதிக் குடுத்திட்டுப் போறன்," என்றேன்.

அவர் யோசித்தார். மற்றத் தட்டை வழித்துக்கொண்டிருந்த கணவரைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

"ஒரே ஒரு குறதான் தம்பி. இந்த மனிசன் இப்ப எந்நாளும் வீட்டில. தயிர்ல பாதி இவருக்கே போகுது."